ஆளில்லாத அறைக்குச் சூடு

ஹம்பேர்க்கில் குளிர் தொடங்கிவிட்டால் தம்பித்துரைக்கு இருப்புக் கொள்ளாது. உணவகக் குசினியொன்றில் காலமெல்லாம் கோப்பை கழுவி ஓய்வுபெற்ற மனிதர். இப்போது அவருக்கு முழுநேர வேலை வீட்டு ஹீட்டர்களைக் காவல் காப்பதுதான். ஒன்றைத் தொட்டுப் பார்ப்பார், குமிழைத் திருகிக் குறைப்பார், வந்து உட்காருவார், உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து அடுத்ததைத் தொடப் போவார். போன வருடம் ஹீட்டருக்கு வந்த கட்டணம் மனிதரை அப்படி ஆட்டிவைத்திருந்தது.

கடைசி அறை ஹீட்டரை அவர் அடியோடு மூடிவிட்டார். மகள் நிருஷா கலியாணம் கட்டிப் போனபிறகு அங்கே படுக்க ஆளில்லை. "ஆளில்லாத அறைக்கு என்னத்துக்குச் சூடு?" என்பார். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேளாதவர்களையும் பிடித்து வைத்துச் சொல்வார்.

அதோடு நின்றிருக்கலாம். மனைவி கமலநாயகி சோறு வடிக்கும்போது எழுந்த ஆவியைக் கண்டதும் அவருக்குப் புத்தி ஓடியது. சும்மா கிடைக்கிற சூட்டை ஏன் தெருவுக்கு விட வேண்டும்? குசினி யன்னலைச் சாத்தி இடுக்கெல்லாம் ஒட்டுநாடா ஒட்டினார். குசினிக் கதவையும் கடைசி அறைக் கதவையும் அகலத் திறந்து வைத்தார். சோறும் சொதியும் கொதித்த ஆவி முழுவதும் அந்தக் குளிர்ந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தது.

"வீடெல்லாம் கறி மணக்குது. கொஞ்சம் யன்னலைத் திறவுங்கோ."

"மணம் போனாச் சூடும் போகும், கமலம்."

கார்த்திகையில் நிருஷாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் ஒரு மாதம் தாய்வீட்டில் வந்து நிற்பதாகப் பேச்சு. தம்பித்துரை தலைகால் தெரியாமல் திரிந்தார். தொட்டில் வாங்கிப் பூட்டினார். முதல்நாளே கடைசி அறை ஹீட்டரைத் திறந்துவிட்டார். கார்ச் சத்தம் கேட்டபோதெல்லாம் யன்னலுக்கு ஓடினார்.

வந்தவள் பிள்ளையைக் கணவன் சுகிர்தனிடம் கொடுத்துவிட்டு, தொட்டிலுக்கு இடம் விட அலுமாரியைச் சற்று நகர்த்தினாள். பின்சுவர் நிலத்திலிருந்து இடுப்பளவுக்குக் கறுத்துக் கிடந்தது. பூஞ்சணம்.

"என்னப்பா இது?"

"துடைச்சாப் போயிடும், பிள்ளை."

"போகாது. குசினி ஆவி வந்து குளிர்ச் சுவரிலை படிஞ்சிருக்கு. யன்னலும் திறக்கேல்லை, ஹீட்டரும் போடேல்லை. பச்சைப்பிள்ளையை இதுக்குள்ளை கிடத்த ஏலாது."

"எங்கடை அறையிலை படுங்கோவன்" என்றாள் கமலநாயகி. நிருஷா அங்கே போய்க் கட்டிலுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கேயும் மூலையில் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"நான் பான் நகரத்திலை மாமி வீட்டை போய் நிக்கிறன்" என்றாள், சுகிர்தனின் தாயைச் சொல்லி. கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் அவரும் நாலு வார்த்தை கத்திச் சமாளித்திருப்பார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். பேத்தியைப் போர்வையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

அதற்குப் பிறகு தம்பித்துரை படுத்திய பாடு சொல்லி மாளாது. ஒட்டுநாடாவைப் பிய்த்து எறிந்தார். மருந்து வாங்கிச் சுவரைத் தேய்த்தார். காலை, மதியம், மாலை என்று யன்னலெல்லாம் மலர்த்தித் திறந்து, கமலநாயகி நடுங்கி முடிக்கும்வரை நின்று, பிறகு சாத்தி ஹீட்டரைக் கூட்டினார். ஒவ்வொரு நாளும் பானுக்குப் போன்.

"சுவர் காஞ்சிட்டுது, பிள்ளை."

"இன்னும் கொஞ்சம் காயட்டும் அப்பா. இவளும் இஞ்சை நல்லாப் பழகிட்டாள்."

அந்த இரண்டாவது வசனம் அவரைத் தின்றது. அவர் கைகளுக்குப் பழக வேண்டிய பிள்ளை அது. அந்த ஒரு மாதமும் அப்படியே முடிந்து போனது.

ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு கமலநாயகி அவரைத் தேடினாள். கடைசி அறையில், வெறும் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அறை கொதித்தது. ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். நோகடிக்க நினைத்து அவள் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

"ஆளில்லாத அறைக்கு என்னத்துக்கப்பா இவ்வளவு சூடு?"

அவர் கை வழக்கம்போலக் குமிழுக்குப் போனது. திருகாமல் திரும்பி வந்தது.

"வருவாள்" என்றார். "வரேக்கை பிள்ளைக்குக் குளிரக்கூடாது."