நான்கு கேப்சூல், ஆறு வாரம்

என் மனைவிக்கு முதல் வலிப்பு வந்தது பால்மரக் காட்டில். எண்பதுகளின் நடுவில் ரெம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அவளுக்குப் பால்வெட்டு. நான் ஆலையில் ரப்பர் தகடு உருட்டும் இயந்திரத்தில் நின்றேன். பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து, "அண்ணே, அக்காவ பாம்பு கடிச்சிருச்சு போல, கை காலெல்லாம் இழுக்குது" என்றாள். போய்ப் பார்த்தபோது மரத்தடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். கொட்டிய பால் தலைமுடியில் உறையத் தொடங்கியிருந்தது. கடிவாயைத் தேடி அவள் கால்களைத் தடவித் தடவிப் பார்த்தேன். எதுவும் இல்லை.

முதலில் சிரம்பான் ஆஸ்பத்திரி, அங்கிருந்து கோலாலம்பூர். மூளையில் கட்டி என்றார்கள். அறுவை செய்தார்கள். பேச்சு வரும் இடத்துக்கு ஒட்டினாற்போல் கொஞ்சம் இருக்கிறது, அதைத் தொட முடியவில்லை என்றார்கள். பிறகு கதிர்வீச்சு வைத்தியம். அவளுக்கு வயது முப்பத்தொன்று. பிள்ளைகள் இருவரும் என் தங்கை வீட்டில் இருந்தார்கள்.

எல்லாம் முடிந்த பிறகுதான் அந்த மருந்து. டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. தமிழ் நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்று எடுத்துச் சொன்னாள். நான்கு கேப்சூல். பச்சையில் ஒன்று பெரியது, பாதி வெள்ளை பாதி பச்சையாக இரண்டு, முழு வெள்ளையில் ஒரு சின்னது.

"நாலையும் ஒரே நேரத்துல முழுங்கணும் அக்கா. வெறும் வயித்துல. அப்புறம் ஆறு வாரத்துக்கு ஒண்ணும் கெடையாது."

என் மனைவி நம்பவில்லை. "காய்ச்சல் மாத்திரையே மூணு வேள குடுக்கறீங்க. இவ்ளோ பெரிய நோவுக்கு ஒரே ஒரு தடவையா?"

நர்ஸ் டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள். "இதோட வேல மெதுவாத்தான் தெரியும். நாலு வாரம், அஞ்சு வாரம் கழிச்சுத்தான் ரத்த அணு எறங்கும். அது திரும்ப ஏறுனப்புறம்தான் அடுத்தது. அதுக்கு முன்னாடி சாப்புட்டா உசுருக்கே ஆபத்து."

டாக்டரம்மா குனிந்து அவள் முகத்துக்கு நேராக ஒரு விரலைக் காட்டி, "சாத்து காலி சஹாஜா" என்று மலாயில் சொன்னார். ஒரே தடவைதான். அவள் தலையாட்டினாள்.

முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் விழுங்கினாள். வாந்திக்கு முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்திருந்தார்கள். அது போதவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பித்து, குடல் வெளியே வந்துவிடும்போல எடுத்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் தலையை நிமிர்த்தி, "கேப்சூல் வெளிய வந்துச்சா பாருங்க" என்றாள். வரவில்லை என்றேன். "அப்ப சரி" என்று மறுபடி குனிந்தாள்.

வாரத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்துச் சிரம்பான் போய்ச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தோம். மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தாள். அதற்குப் பிறகு கையில் லேசாக இடித்தாலும் கருநீலமாகக் கட்டியது. பல் விளக்கினால் ரத்தம். கூட்டத்துக்குப் போகக்கூடாது என்றதால் அந்த ஆண்டு கோயில் திருவிழாவை நாங்கள் குடியிருந்த லயத்து வாசலிலிருந்து கேட்டுக்கொண்டாள். ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ரத்தம் இன்னும் ஏறவில்லை, ஒரு வாரம் பொறுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மருந்து கிடைக்கவில்லை என்று ஒருத்தி அழுவதை அன்றுதான் பார்த்தேன்.

மூன்றாவது தடவை நான் மட்டும் கோலாலம்பூர் போனேன். பெருநாள் விடுமுறை வருகிறது என்று இரண்டு தடவைக்கான மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கவுண்ட்டரில் இருந்தவர் ஏதோ சொன்னார். பின்னால் நீண்ட வரிசை. எனக்குப் பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. திருப்பிக் கேட்க வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேன். உறையில் எட்டு கேப்சூல் இருந்தது.

எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்க்கும் டிரெஸ்ஸர் லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாக வந்தவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மருந்த நான் பாத்ததில்லலா அண்ணே. எட்டு இருக்கு. தெனம் ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். எட்டு நாள். அப்படித்தான் இருக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது. தினம் ஒன்று என்றால் அந்த வாந்தி இருக்காது என்று நினைத்தேன். சோறு போட்டுச் சாப்பிடவைத்து, தண்ணீரும் ஒரு கேப்சூலுமாக அவள் முன்னால் நின்றேன்.

அவள் கையை நீட்டவில்லை. "எத்தன குடுத்தாங்க?"

"எட்டு."

"நாலுதான் என் கணக்கு. சோத்துக்கு அப்புறமும் கெடையாது."

"டிரெஸ்ஸர் சொல்றாரு, புள்ள."

"டிரெஸ்ஸர் என் மண்டையத் தொறந்து பாத்தாரா? டாக்டரம்மா என் மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. ஒரே தடவ. கேக்காம ஒண்ணும் முழுங்கமாட்டேன்."

படிக்காதவள் பேச்சு என்று எனக்குக் கோபம். "சரி, அப்ப எட்டையும் ஒண்ணா முழுங்கு" என்றேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

அவள் உறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நேராக ஆபீசுக்கு நடந்தாள். பின்னால் ஓடினேன். கணக்கெழுதும் கிராணி போன் போட்டுக் கொடுத்தார். பத்து நிமிடம் காத்திருந்து அந்த நர்ஸைப் பிடித்தோம். அவள் போட்ட சத்தம் கிராணிக்கும் கேட்டது. "அய்யோ, தெனமும் குடுக்கக் கூடாது அண்ணே! எட்டையும் சேத்துக் குடுத்தாலும் ரத்தம் ஊறாமலே போயிரும். நாலு இப்ப. மீதி நாலு ஆறு வாரம் கழிச்சு, நாங்க சரின்னு சொன்னாத்தான்."

போனை வைத்தேன். அவள், "சோறு சாப்புட்டாச்சு, வெறும் வயித்துக்கு இனி நாளைக்குத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து மருந்தை என் கையில் தரவில்லை. உறையிலும் கேப்சூலிலும் இருந்த எண்களைப் பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். நூறு, நாற்பது, நாற்பது, பத்து. ஒவ்வொரு தடவையும் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் விழுங்குவாள். பதிலுக்கு வந்த டிரெஸ்ஸர் ஒரு நாள் லயத்துக்கு வந்து, "மன்னிச்சிருங்க அக்கா" என்றார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருங்க தம்பி" என்று காப்பி கலக்கிக் கொடுத்தாள்.

ஆறு தடவை முடிந்ததும் மறுபடி தலையைப் படம் எடுத்தார்கள். மிச்சமிருந்தது சுருங்கியிருந்தது. மருந்தை நிறுத்தினார்கள். வலிப்பு மாத்திரை மட்டும் தொடர்ந்தது. அடுத்த மாதமே காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நின்றாள். வலிப்பு வருகிறவளிடம் வெட்டுக்கத்தி தரமுடியாது என்று கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் திருப்பி அனுப்பினார். அவர் சொன்னது நியாயம்தான். அவள் தோட்ட மேனேஜர் தொரையைப் பார்க்கப் போனாள். நாற்றங்கால் வேலை கேட்டு வாங்கினாள். கன்றுப் பைகளில் மண் நிரப்புவதும் தண்ணீர் ஊற்றுவதும். ஒன்பது ஆண்டுகள் அந்த வேலை செய்தாள். மூத்தவள் பரீட்சை எழுதி சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் வேலைக்குப் போனதைப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுவில் கட்டி திரும்ப வந்தது. அதே கேப்சூல், அதே நான்கு. இரண்டு தடவை எடுத்தாள். இம்முறை படத்தில் அது வளர்ந்திருந்தது. வார்த்தைகள் அவளுக்குத் தடுமாறத் தொடங்கியிருந்தன. மூன்றாவது தடவை வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவள் ஒரு கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். சொற்களைத் தேடித் தேடி எடுத்தாள்.

"அப்ப... வேல செஞ்சுச்சு. குடிச்சேன். இப்ப செய்யல. வேணாம்."

இன்னும் ஒரு தடவை பார்ப்போமே என்று சொல்ல நினைத்தேன். அவள் எழுந்து நின்று சேலையைச் சரிசெய்து, டாக்டருக்குக் கும்பிடு போட்டாள். கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தோம். வழியில் பசியாற வேண்டும் என்று கையால் காட்டினாள். ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள்.