நடுவில் நின்ற கார்

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், எங்கள் மேல் வீட்டில் இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். எதிர் வீட்டில் இருந்தவர் பாலஸ்தீனத்தின் நாப்லஸ்காரர். மேல் வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. எதிர் வீட்டுப் பெண் கம்யூனிட்டி காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் மூன்று பேரின் பிள்ளைகளும் ஒரே ஸ்கூல் பஸ்ஸில் போனார்கள். காலையில் பஸ் வரும்வரை மூன்று பேரும் நின்று பேசுவோம். பேச்சில் பெரிதாக ஒன்றும் இருக்காது. எந்தக் கடையில் கத்தரிக்காய் பிஞ்சாகக் கிடைக்கும், ஹீட்டர் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது, இதுதான். மேல் வீட்டுப் பெண் தனக்குத் தெரிந்த கொஞ்சம் அரபியை எடுத்துவிடுவார். அந்த உச்சரிப்பைக் கேட்டு எதிர் வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

போர் ஆரம்பித்த முதல் நாளே மேல் வீட்டுப் பெண்ணின் சித்தி மகன் கொல்லப்பட்டான். அடுத்து வந்த வாரங்களில், காஸாவில் வாழ்க்கைப்பட்டிருந்த எதிர் வீட்டுப் பெண்ணின் அத்தையிடமிருந்து போன் வருவது குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் இரண்டு ஓரங்களில் நின்றார்கள். நான் நடுவில். யாருக்கு முதலில் குட்மார்னிங் சொல்வது என்பதுகூட எனக்கு பயமாகிவிட்டது. மகளின் தலைமுடியைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வேன். பஸ் போனதும் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறிவிடுவேன்.

ஒரு நாள் பஸ் கிளம்பிய நேரத்தில் எதிர் வீட்டுப் பெண்ணுக்கு போன் வந்தது. காதில் வைத்தார். அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அத்தையும் அவருடைய இரண்டு மருமகள்களும் இருந்த கட்டடம் விழுந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. நான் கிட்டே போகலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தபோது, அந்த ஓரத்திலிருந்து மேல் வீட்டுப் பெண் நடந்து வந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. ரொம்ப நேரம் இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் அன்றைக்கு ஆபீசுக்குத் தாமதமாகத்தான் போனேன்.

சில நாட்கள் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, பயம்தான்.

"ஞாயிற்றுக்கிழமை மதியம் நம்ம கட்டடத்து க்ளப்ஹவுஸ்ல உட்கார்ந்து பேசலாம்னு இருக்கோம்" என்றார் மேல் வீட்டுப் பெண். "எங்க பக்கத்து ஆட்கள், இவங்க பக்கத்து ஆட்கள், யார் வர்றாங்களோ அவங்க. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கேக்கணும். பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் விதி."

எதிர் வீட்டுப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்க ரெண்டு பேர் பேர்ல ரூம் கேட்டா கட்டட மேனேஜர் பயப்படுவார். உங்க பேர்ல புக் பண்ண முடியுமா?"

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. சாப்பாட்டு மேஜையில் கணவரிடம் சொன்னதும் அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"நமக்கு எதுக்கு இந்த வேலை? எச்-ஒன் விசால இருக்கோம். கிரீன் கார்டு க்யூ எங்க நிக்குதுன்னு தெரியும்ல? ஏர்போர்ட்ல போனை வாங்கி உள்ள என்ன இருக்குன்னு பாக்கறாங்களாம். உன் பேரு ஏன் அதுல வரணும்?"

"ரூம்தானே புக் பண்ணியிருக்கேன்."

"பர்த்டே பார்ட்டிக்கா புக் பண்ணியிருக்க?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்போது அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எதையும் லைக் பண்ணாதே, எதையும் ஷேர் பண்ணாதே, எந்த க்ரூப்பிலும் இருக்காதே. நானும் என் போனில் இருந்த சிலதை அழித்தேன். அழித்த பிறகுதான் பயம் அதிகமானது.

முதல் ஞாயிறு ஏழெட்டுப் பேர்தான் வந்தார்கள். பிறகு கொஞ்சம் கூடியது. நான் கதவுப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் ஆனதும் கையைத் தூக்குவேன். என்னை அந்த வேலைக்கு வைத்ததற்குக் காரணம், நான் இரண்டு பக்கமும் இல்லை என்பது. பேசுகிறவர்களில் சிலர் அழுதுகொண்டே பேசினார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்கள். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருவர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்த பிடியில் விரல் வெளுத்துப்போயிருந்தது. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை.

வெளியே இரண்டு பேருக்கும் நல்ல பேர் இல்லை. எதிர் வீட்டுப் பெண்ணுடைய ஒன்றுவிட்ட தம்பியே அவரைத் துரோகி என்று சொல்லிப் பேச்சை நிறுத்திக்கொண்டான். எங்கள் பிணங்களின் மேல் உட்கார்ந்து டீ குடிக்கிறாயா என்று கேட்டானாம். மேல் வீட்டுப் பெண்ணை அவருடைய சினேகிதிகள் விருந்துக்குக் கூப்பிடுவதில்லை.

ஒரு ஞாயிறு கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, வாசலுக்கு எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் எஞ்சின் ஓடியபடி நின்றது. கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கை போனைப் பிடித்திருந்தது. மறுநாள் எங்கள் க்ளப்ஹவுஸ் வாசல் படம் இன்டர்நெட்டில் இருந்தது. கட்டடத்தின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது. மேல் வீட்டுப் பெண், எதிர் வீட்டுப் பெண், பின்னால் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும் என் முதுகு, என் பின்னல். படத்துக்குக் கீழே மனிதர்கள் எழுதியிருந்ததைப் பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மகளிடம், இனிமேல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம் ஓடி வந்துவிட வேண்டும் என்றேன். ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ரோட்டில் ஐஸ் இருக்கிறது, வழுக்கும் என்றேன்.

அந்த வாரமே அது நடந்தது. காலையில் பார்க்கிங் லாட்டுக்குப் போனேன். மேல் வீட்டுப் பெண்ணின் கார் மேல் முழுக்கச் சிவப்புப் பெயின்ட். முன் கண்ணாடியிலிருந்து வழிந்து பம்பர் வரை உறைந்திருந்தது. எதிர் வீட்டுப் பெண்ணின் கார் மேலும் அதே சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் என் கார் நின்றது. அதன் மேல் ஒரு சொட்டுகூட இல்லை.

இரண்டு பேரும் வந்து பார்த்தார்கள். இப்போது இவர்கள் ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள், எல்லாம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

"இது எங்க ஆளுங்க வேலை" என்றார் மேல் வீட்டுப் பெண்.

"இல்லை, எங்க ஆளுங்கதான்" என்றார் எதிர் வீட்டுப் பெண். "எனக்குத் தெரியும்."

போலீஸ் வந்து படம் எடுத்துக்கொண்டு போனது. யாரையும் பிடிக்கவில்லை. என் காரைப் பார்த்த எல்லோரும் நல்லவேளை, தப்பித்தாய் என்றார்கள். நானோ அந்தச் சுத்தமான காரின் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே உட்காராமல் நின்றேன். அத்தனை கார்களுக்கு நடுவில் எது யாருடையது என்று யாரோ நின்று கவனித்திருக்கிறார்கள். என்னையும் கவனித்திருக்கிறார்கள். கவனித்த பிறகு, இவளை விட்டுவிடலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறார்கள். அந்த முடிவை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நிலைமை சரியாகும்வரை க்ளப்ஹவுஸ் கிடையாது என்றார். அன்று ஆபீசிலிருந்து வீட்டுக்கு வரும்போது, அடுத்த கூட்டம் எங்கள் ஹாலில்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கணவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"பாப்பாவை எடிசன்ல என் ஃப்ரெண்ட் வீட்டுல விட்டுட்டு வந்துடறேன்" என்றார். "நீ தனியா இருக்க வேண்டாம்."

அந்த ஞாயிறு ஆறு பேர்தான் வந்தார்கள். எங்கள் வழக்கப்படி வாசலில் செருப்பையும் ஷூவையும் கழற்றினார்கள். எத்தனை பேர் உள்ளே இருக்கிறோம் என்று வெளியே போகிறவர்கள் எண்ணிவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து பாத்ரூமில் போட்டேன். கணவர் சமையலறையில் நின்று ஜன்னல் திரைப்பட்டையை விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். டீ வைக்கச் சொன்னேன். அடுப்பில் பால் பொங்கியது அவருக்குத் தெரியவே இல்லை.

இரண்டாவது ஆள் பேசிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

பேச்சு நின்றது. கணவர் கதவின் துவாரத்தில் கண்ணை வைத்தார். திரும்பி என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார்: தெரியாத ஆள். நானும் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். தொப்பி, கனமான ஜாக்கெட், இரண்டு கையும் பாக்கெட்டுக்குள்.

"திறக்காதீங்க" என்று எதிர் வீட்டுப் பெண் மெதுவாகச் சொன்னார். மேல் வீட்டுப் பெண் எழுந்து நின்றார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். வீடு என்னுடையது.

"யார் வேணும்?" என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் இருந்தது.

"மீட்டிங் இங்கதானே?"

"உங்களுக்கு யார் சொன்னது?"

"அந்தப் படத்தை எடுத்தது நான்தான்" என்றார். "பெயின்ட் நான் இல்லை. படம் மட்டும்தான். இன்னிக்கும் காருக்குள்ளதான் இருந்தேன். இவங்க இந்தக் கதவுக்குள்ள போறதைப் பார்த்தேன்."

கணவர் என் கையைப் பிடித்தார். நான் சங்கிலியைப் போட்டபடியே கதவைத் திறந்தேன். கையை வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்தார். வெறும் கைதான். குளிரில் சிவந்திருந்தது. மேல் வீட்டுப் பெண் என் தோளுக்குப் பின்னாலிருந்து ஹீப்ருவில் ஏதோ கேட்டார். அவர் இரண்டே வார்த்தையில் பதில் சொன்னார். மேல் வீட்டுப் பெண் எங்களிடம் ஆங்கிலத்தில், "இவரோட பையன் செத்துட்டானாம். ராணுவத்துல இருந்தானாம்" என்றார்.

எதிர் வீட்டுப் பெண் எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். "விதியைச் சொல்லி உள்ள விடுங்க" என்றார்.

அந்த மனிதர் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஐந்து நிமிடமும் பேசினார். மகனைப் பற்றிக் கொஞ்சமாகவும், தான் யாரை எல்லாம் வெறுக்கிறேன் என்பதைப் பற்றி அதிகமாகவும் பேசினார். சொன்ன சில வார்த்தைகளை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. நான் கையைத் தூக்கினேன். நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்தது எதிர் வீட்டுப் பெண்ணின் முறை. அத்தையைப் பற்றிப் பேசினார். எந்த இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. கட்டடம் விழுவதற்கு முந்தின வாரம் அத்தை போனில் கேட்டது, உன் பிள்ளை இன்னும் நகம் கடிக்கிறானா என்பதுதானாம். அந்த மனிதர் தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால் விடாமல் ஆடிக்கொண்டிருந்தது. அத்தையைத் தோண்டி எடுத்ததைப் பற்றி எதிர் வீட்டுப் பெண் சொல்ல ஆரம்பித்தபோது அவர் எழுந்தார். கதவை அவரே திறந்துகொண்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். எதிர் வீட்டுப் பெண் நிறுத்தவில்லை. திறந்திருந்த கதவைப் பார்த்தே மீதியையும் சொல்லி முடித்தார்.

கணவர் ஓடிப்போய்க் கதவைப் பூட்டினார்.

"நீங்க ஒரு தடவைகூடப் பேசினதில்லையே" என்றார் மேல் வீட்டுப் பெண் என்னிடம்.

எனக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன். பிறகு கோயம்புத்தூரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். நான் ஸ்கூலில் படித்தபோது ஊரில் கலவரம் வந்தது, குண்டு வெடித்தது. ஊரடங்கு முடிந்து ஸ்கூல் திறந்தபோது என் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. உக்கடத்து முஸ்லிம் பெண். அவர்கள் குடும்பம் எங்கே போனது என்று டீச்சர் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டேன், இதெல்லாம் வெளியே கேட்காதே என்றாள். அவள் குரலில் இருந்த பயம்தான் அதற்குப் பிறகு என்னிடம் தங்கிவிட்டது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்றுகூட எனக்குத் தெரியாது. சமையலறை வாசலில் நின்ற கணவருக்கு இது புதிது. இத்தனை வருஷக் கல்யாணத்தில் இதை நான் அவரிடம் சொன்னதில்லை.

எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விதி அதுதான்.

அந்தப் படம் சில நாட்களில் இன்டர்நெட்டிலிருந்து காணாமல் போனது. அவர்தான் அதை நீக்கினாரா தெரியாது. அவர் மறுபடி வரவில்லை. பெயின்ட் அடித்தவர்கள் யார் என்பதும் இன்றுவரை தெரியாது. இப்போது ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் உட்காருகிறோம். போரில் ஒரு மோசமான வாரத்துக்குப் பிறகு எதிர் வீட்டுப் பெண் வருவதை நிறுத்திவிட்டார். ரொம்ப நாள் கழித்து, யாரிடமும் சொல்லாமல் வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். ஒரு சில ஞாயிறுகளில் மூன்று பேர்தான் இருப்போம்.

பயம் போகவில்லை. ஞாயிறு காலை எழுந்ததுமே ஜன்னல் வழியாகப் பார்க்கிங் லாட்டைப் பார்க்கிறேன். கணவர் இப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார். சொல்லிக்கொண்டே சர்ச் வாசல் வரை டிரைவ் பண்ணிக் கொண்டுவந்து விடுகிறார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை வண்டியை எடுப்பதில்லை.