பாலத்தடி வீட்டுக்கு வெள்ளையடித்தது

பெரிய கட்டில் விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து உதற வேண்டும். நடந்து வந்து மூலைகளைச் சேர்த்து, விலகிப் போய், மறுபடி வந்து சேர்க்க வேண்டும். கனடாவில், ஸ்காபரோவில் ஹோட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில், தொண்ணூறுகளில், எனக்கு அதுதான் வேலை. எட்டு மணித்தியாலமும் ஒரே முகத்தை நோக்கிப் போய்ப் போய்த் திரும்புவேன். அந்த முகம் ஒரு ஜமேய்க்காக்காரியுடையது.

அங்கே வேலை செய்த எங்கள் தமிழ் ஆட்கள் அவரை அப்படித்தான் சொன்னார்கள். முதல் மாதம் நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு முப்பத்தெட்டு வயது, அவர் அறுபதை நெருங்கியவர். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. ஒருநாள் அன்ரி என்று கூப்பிட்டேன். அவர் விரிப்பை நழுவவிட்டுச் சிரித்தார். அவர்கள் ஊரிலும் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அவர் என்னைப் பிள்ளை என்றார். அவருடைய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும், என்னுடையது அவருக்குக் காற்பங்கு. அவர் சொன்னதை எங்கள் பேச்சில்தான் இங்கே எழுதுகிறேன். என் தலைக்குள் அப்படித்தான் கேட்டது.

நான் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். மேலே ஒரு யாழ்ப்பாணக் குடும்பம். வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலைத்தலத்தில் 'பாய்' சொன்னால், திங்கள் காலை 'மோர்னிங்' சொல்லும்வரை வாயில் வேறு சொல் வராது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் மேல்வீட்டு அன்ரி படியில் நின்று குனிந்து கேட்பார்.

"என்ன பிள்ளை, கீழ உயிரோட இருக்கிறீரோ?"

"ஓம் அன்ரி, இருக்கிறன்."

"இல்லை, சத்தம் ஒண்டும் இல்லை. அதுதான்."

அவ்வளவுதான். கதவு சாத்தப்படும். அவரில் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் இரண்டு வேலை.

ஊரில் நான் அரசாங்கத்தில் படவரைஞராக இருந்தவள். வீதிகளுக்கும் கட்டிடங்களுக்கும் பொறுப்பான கந்தோர். மதகு, பள்ளிக்கூடம், ஓவசியர் குவாட்டர்ஸ் என்று பதின்மூன்று வருஷம் கீறினேன். இந்த நாட்டில் சான்றிதழைக் காட்டினால் கனேடிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கோடு கீறுவதில் என்ன கனேடியக் கோடு, யாழ்ப்பாணக் கோடு? நாலு இடத்தில் கேட்டுவிட்டு ஐந்தாவது இடத்துக்கு நான் போகவில்லை. துணி மடிக்கப் போனேன்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தார். ஜமேய்க்காவின் மலைப்பக்கத்துப் பட்டணம் ஒன்றில் அவருடைய தம்பி தனியாக இருந்தார். தாய் விட்டுப்போன மரவீடு. வீட்டை ஒட்டி ஆறு. ஆற்றின் மேல் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம், ஒரு நேரத்தில் ஒரு வாகனம்தான் போகலாம். அந்தத் தீவின் அரசாங்கம் மலைப் பட்டணங்களில் உள்ள பழைய கட்டிடங்களையும் பாலங்களையும் பார்த்து, இவற்றை இடிக்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. பாலம் பட்டியலில் ஏறிவிட்டது. கல்லால் கட்டிய தேவாலயமும் நீதிமன்றமும் ஏறிவிட்டன. பழைய பாலத்தை இடிக்க முடியாதபடியால் பக்கத்தில் புதுப் பாலம் போடப் போகிறார்கள். புதுப் பாலத்துக்கு வரும் வீதி அந்த மரவீட்டின் நடுவால் போகிறது.

"வீடும் பட்டியலில ஏறினா வீதியை மற்றப் பக்கத்தால வளைப்பினமாம்," என்றார். "இல்லாட்டி இடிப்பினம். அங்க ஒரு அதிகாரி வந்து பார்ப்பாராம். அதுக்கு முதல் வீட்டின்ர படமும் சரித்திரமும் அனுப்ப வேணுமாம். சரித்திரம் நான் எழுதுவன். படத்துக்கு ஆரிட்டப் போறது?"

"நான் கீறித் தாறன்."

"நீயோ? நீ துணி மடிக்கிறவள்."

"அன்ரி, நீங்களும்தான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு அவருடைய கோழிக்கறியில் பாதியை என் பெட்டிக்குள் போட்டார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டோர்செட் பார்க்கில் அவர் இருந்த அப்பார்ட்மென்றுக்குப் போனேன். பத்தாம் மாடி. கையில் வீட்டின் நாலு புகைப்படங்கள் மட்டும் இருந்தன. அவற்றில் மூன்றில் ஆட்கள் நின்று வீட்டை மறைத்தார்கள். மிச்சத்தை அவருடைய உடம்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். "கண்ணை மூடுங்கோ. வாசலில நில்லுங்கோ. இப்ப குசினிக்கு நடவுங்கோ." அவர் அந்தச் சின்ன அறைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நடப்பார். நான் பின்னால் போய் அவருடைய காலடிகளை அளப்பேன். யன்னல் எவ்வளவு உயரம் என்றால் தன் நாடி மட்டத்தில் கை வைப்பார். படிகள் எத்தனை என்றால் நிலத்தில் காலை உதைத்து உதைத்து எண்ணுவார். ஆறு. ஒருநாள் கீழ்வீட்டுக்காரன் தடியால் கூரையில் இடித்தான்.

"இடி, இடி!" என்று நிலத்தைப் பார்த்துக் கத்தினார். "என்ர வீட்டை நான் ஏறுறன், உனக்கென்ன?"

சுவருக்குச் சின்ன மரத்துண்டுகளை மீன் செதில் மாதிரி அடுக்கி அடித்திருந்தார்கள். கூரை விளிம்பு முழுக்க மரத்தில் வெட்டிய பூவேலை. அவருடைய தாயின் தகப்பன் மரம் அரியும் ஒரு வாளால் வெட்டியதாம். அந்தப் பூ ஒன்றை மட்டும் பெரிதாக, வளைவு வளைவாக, தனியாகக் கீறினேன். ஆறு ஞாயிறு எடுத்தது. அந்த ஆறு ஞாயிறும் நான் மனிசியாக இருந்தேன். வேறு மாதிரி இதைச் சொல்ல எனக்குத் தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

படம் முடிந்த அன்று, வீடு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். செதில்கள் கருத்து, சில விழுந்துவிட்டன என்றார். யன்னல் பலகைகள் உக்கிவிட்டன. பூவேலையில் ஒரு மூலை இல்லை. பெயின்ற் போய்ப் பல வருஷம்.

"இந்தக் கோலத்திலயோ அதிகாரிக்குக் காட்டப் போறியள்?" என்று கேட்டேன்.

எனக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. எங்கள் கந்தோருக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வருகிறார் என்றால், முதல்நாள் ஓவசியர் ஆள் பிடித்து மதில் முழுக்க வெள்ளையடிப்பார். மரத்தின் அடிக்கும் பூச்சட்டிக்கும்கூட அடிப்பார். கலியாணம் என்றால் வீட்டுக்கு வெள்ளை. கோயிலுக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம், கோபுரத்துக்குப் புதுப் பெயின்ற். வெடித்த தூணை எடுத்துவிட்டுப் புதுத் தூண் போடுவோம், தரைக்கு மாபிள் பதிப்போம். செய்யாமல் விட்டால் ஊர் காறித் துப்பும். பழையதை மதிப்பது என்றால் புதுப்பிப்பது. இப்படித்தான் நான் வளர்ந்தேன். 'தொடாதே, கிடந்தபடி கிடக்கட்டும்' என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் பழைய கட்டிடங்களைப் பாதுகாக்க யார் வந்தார்கள்? நான் வேலை செய்த கந்தோருக்குச் சண்டையில் ஷெல்தான் வந்து விழுந்தது.

மேல்வீட்டு அன்ரியிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். "வாற மனிசனுக்கு உக்கல் பலகையைக் காட்டினா, இடிச்சாப் பறவாயில்லை எண்டுதானே எழுதுவான்? வடிவா வெள்ளையடிக்கச் சொல்லும்."

அடுத்த ஞாயிறு ஒரு பட்டியல் எழுதினேன், என் கையால், கந்தோரில் எழுதுவதுபோல் ஆங்கிலத்தில், இலக்கம் போட்டு. விழுகிற செதில்களைக் கழற்றிவிட்டுச் சீமெந்து பூசவும். உக்கிய யன்னல்களை எடுத்துவிட்டு அலுமினியக் கண்ணாடி யன்னல் போடவும். உடைந்த பூவேலையை முழுதாக அகற்றவும். எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பெயின்ற் இரண்டு பூச்சு. அவர் அதை வாசித்தார்.

"பூவையும் எடுக்கட்டோ?"

"பாதி இல்லாமல் தொங்கிறதை விட எடுக்கிறது மரியாதை, அன்ரி."

"நீ அரசாங்கத்தில வேலை செய்தவள். உனக்குத் தெரியும்."

அவர்கள் ஊருக்குச் சாமான் அனுப்புவது பெரிய பிளாஸ்ரிக் பீப்பாயில், பரல் என்பார்கள். அரிசி, சவர்க்காரம், மீன் ரின், தம்பிக்குச் சப்பாத்து எல்லாம் போட்டு மூடிக் கப்பலில் விடுவார்கள். அந்த முறை பரலின் அடியில் வெள்ளைப் பெயின்ற் வாளிகளை வைத்தோம். நான்தான் இறக்கி வைத்தேன். என் படத்தின் கொப்பி தபாலில் அதிகாரிக்குப் போனது. என் பட்டியல் பரலுக்குள் தம்பிக்குப் போனது.

தம்பி சொன்ன சொல் கேட்கிற மனிசன். எல்லாவற்றையும் செய்தார்.

மாரி பிறந்த பிறகு பதில் வந்தது. அவர் அதைச் சாப்பாட்டு நேரத்தில் காட்டவில்லை. வேலைக்கு நடுவில், விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். அதிகாரி என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆற்றங்கரையில் அங்குமிங்கும் நடந்தாராம். பிறகு தம்பியிடம் கேட்டாராம், "இந்தப் படத்தில இருக்கிற வீடு எங்க?" தம்பி கையைக் காட்டினாராம். "இதுதான் ஐயா, நல்லாத் திருத்தியிருக்கு." அந்த ஆள் படிக்கட்டில் குந்திவிட்டாராம். படத்தில் இருந்த வீடு என்றால் பாலத்தோடு சேர்த்து ஏற்றியிருப்பேன், இதில் பழையது என்று ஏற்ற ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

"அப்ப..." என்றேன்.

"அப்ப இடிப்பினம்."

அவர் மூலைகளைச் சேர்க்க என்னை நோக்கி நடந்து வந்தார். என் விரல்களிலிருந்து விரிப்பை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு ஏசத் தெரியும், ஏச்சு வாங்கவும் தெரியும். இது தெரியவில்லை.

அடுத்த திங்கள் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த அண்ணை, அவரும் எங்கள் ஆள்தான், என்னைக் குளியல் துவாய் மடிக்கும் மேசைக்கு மாற்றினார்.

"ஏன் அண்ணை?"

"அந்த மனிசி வேற சோடி கேட்டவ. என்னடி செய்தனி? கறியில உப்புக் கூடிப்போச்சோ?"

"உங்கட வேலையைப் பாருங்கோ."

"பாக்கிறன், பாக்கிறன். துவாய் நல்ல வேலை. ஒருத்தரும் தேவையில்லை."

உண்மைதான். துவாயைத் தனியாக மடிக்கலாம். மூன்றாக மடித்து, பாதியாக மடித்து, அடுக்க வேண்டியதுதான். யாரை நோக்கியும் நடக்க வேண்டியதில்லை. என் மேசை சுவரைப் பார்த்தபடி இருந்தது.

மேல்வீட்டு அன்ரி கேள்விப்பட்டுச் சொன்னார்: "நீர் நல்லதுக்குத்தானே சொன்னனீர். விடும்." அந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். நல்லதுக்குச் சொன்னேன்தான். அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் போட்டு, திருத்தலாமா என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். பதின்மூன்று வருஷம் படம் கீறினவள் அல்லவா? இந்த நாடு ஒதுக்கின என் படிப்பை ஒரு கிழவி மதித்துவிட்டார் என்ற பெருமையில் அவருடைய வீட்டை விழுத்தினேன். தம்பி பட்டணத்தில் வாடகை அறைக்குப் போனார். பாலம் பத்திரமாக நிற்கிறது, அதற்கு ஒரு பித்தளைப் பலகையும் வைத்தார்களாம். இவை எல்லாம் மற்றவர்கள் வழியாக எனக்கு வந்தவை.

அடுத்த வெயில் காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அவர் என் மேசைக்கு வந்தார். அவ்வளவு மாதத்தில் முதல் தடவை.

"பென்சிலால கீறின படம் உன்னட்ட இருக்கோ?"

"இருக்கு அன்ரி."

"நாளைக்குக் கொண்டு வா. பென்சிலையும் கொண்டு வா."

கொண்டு போனேன். துவாய்களை ஒதுக்கிவிட்டுப் படத்தை மேசையில் விரித்தார். கன நேரம் பார்த்தார். பூவேலையின் மேல் விரலை வைத்தார், அழுத்தவில்லை. பிறகு வாசல் படிகளைக் காட்டினார்.

"இது பிழை. படி ஏழு."

"நீங்கள் ஆறு எண்டு எண்ணினியள்."

"அடிப் படி மண்ணுக்குள்ள கிடந்திருக்கு. நான் பிறக்க முதலே ஆத்து வெள்ளம் மூடியிருக்க வேணும். வீட்டை இடிக்கேக்கைதான் தெரிஞ்சதாம். தம்பி எழுதியிருக்கிறான். கல்லுப் படி."

கோடு கீற அடிமட்டம் இல்லை. துவாய்க் கரையை மடித்து வைத்து, அதன் ஓரத்தால் ஏழாவது படியைக் கீறினேன். அவர் குனிந்து அளவு சரியா என்று பார்த்தார். தலையாட்டினார். படத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் பாதித் தூரம் போய்விட்டார். அங்கே அவருடைய புதுச் சோடி, ஒரு சின்னப் பெட்டை, விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் மற்ற இரண்டு மூலைகளையும் எடுத்து உதறினார்.

நான் துவாய்களை மடித்தேன்.