நெருப்புப் படாத அடுப்பு

என் மாமியார் எதையும் தூக்கிப் போட மாட்டார். வாழைக்காய் சீவினால் தோலைப் பொடியாக நறுக்கிப் பொரியல். பூசணிக்காய் அறுத்தால் தோலில் துவையல். மிஞ்சிய சோற்றில் மிளகாய் அரைத்துப் பிசைந்து வெயிலில் கிள்ளி வைத்தால் வத்தல். கிழிந்த சேலையை நாடா நாடாவாகக் கிழித்துப் பின்னினால் மிதியடி, யூரியாச் சாக்கைத் தைத்தால் கடைக்குப் போகப் பை, தோப்பில் வெட்டிப் போட்ட வாழை மட்டையில் நார் உரித்தால் மாட்டுக்குக் கயிறு. சின்னமனூருக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய எங்கள் தெருவில் எந்த வீட்டு மருமகளைத் திட்டினாலும் முடிவில் என் மாமியாரைக் கைகாட்டித்தான் முடிப்பார்கள். "அவுகளைப் பாத்துக் குடும்பம் பண்ணுங்கடி. வாயைக் கட்டி வயித்தைக் கட்டி எப்படிக் கரையேறியிருக்காக!"

கட்டியது யாருடைய வாயை என்று ஒருத்தியும் கேட்டதில்லை. என் வாயைக் கட்டினார், என் மகளின் வயிற்றைக் கட்டினார். இப்போது அவர் இல்லை. இருந்திருந்தாலும் இதை எழுதியிருப்பேன். மரியாதைக்காக 'அவர்' என்று எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் தேவதானப்பட்டியில் பிறந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் இந்த வீட்டுக்கு வாழ வந்தேன். சமைப்பது நான், அகப்பை அவர் கையில். உலைக்கு அரிசி அவர்தான் அளந்து போடுவார். எண்ணெயைக் கரண்டியின் முனையால் தொட்டுச் சட்டியில் தடவுவார். அதற்கு மேல் ஒரு சொட்டு விழுந்தால், "செக்கு வச்சிருக்காகளோ ஒங்க வீட்டுல?" என்பார். முதலில் அவருடைய மகன் சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ள வைக்கும் வெஞ்சனம் மகனுக்குத்தான். நாங்கள் மூவரும், அதாவது மாமியாரும் நானும் என் மகளும், சட்டியில் ஒட்டியதை வழித்துச் சாப்பிட வேண்டும். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மாமியாரும் அதைத்தான் சாப்பிட்டார். அதனாலேயே அவரை எதிர்த்து யாரிடமும் போய்ப் பேச முடியவில்லை. தனக்கு ஒன்று பிள்ளைக்கு ஒன்று என்று பதுக்குகிறவராக இருந்திருந்தால் நாலு பேரைக் கூட்டிக் கேட்டிருப்பேன்.

வீட்டில் மூன்று கோழிகள் இருந்தன. முட்டையெல்லாம் டீக்கடைக்குப் போகும். தினமும் ஒன்று மட்டும் வீட்டில் நிற்கும். அது மகனுக்கு. தோப்பில் வாழைத்தார் சுமக்கிறவன், உழைக்கிற உடம்பு என்பார். திராட்சைத் தோட்டத்தில் காலை முதல் சாயங்காலம் வரை பந்தலுக்குக் கீழே கழுத்தை அண்ணாந்து கத்தரி பிடித்த என் உடம்பு என்ன உடம்பு என்று தெரியவில்லை.

மகளுக்கு ஐந்து வயது இருக்கும்போது சுகாதார நிலையத்து நர்ஸ் வந்தார். பிள்ளையின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தை அமுக்கிப் பார்த்தார். "ரத்தமே இல்லையேம்மா. தெனம் ஒரு முட்டை குடுங்க. குடுக்காம விட்டா பின்னால நீங்கதான் ஆஸ்பத்திரிக்கு அலையணும்" என்றார். மாமியார் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். நர்ஸ் தெருமுனை தாண்டியதும் சொன்னார்:

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி முட்டை? சூடு. முருங்கைக் கீரையை வதக்கிப் போடு. வேலிக்கு வேலி தழைச்சுக் கெடக்கு."

முருங்கைக் கீரையும் போட்டேன். பிள்ளை வெளுத்துக்கொண்டேதான் போனாள். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஆத்தாகிட்டக் கேளு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான்.

அன்றைக்கு முடிவு செய்தேன். தனியாகப் பொங்கப் போகிறேன். எங்கள் பக்கத்தில் அது வழக்கத்தில் இல்லாதது ஒன்றுமில்லை. ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, மருமகள் தனக்கென்று ஓர் அடுப்பு போட்டுக்கொள்வாள். அதோடு கணக்கு வழக்கு தனி, சோறு தனி. என் அடுப்பு என்று ஒன்று இருந்தால் அதில் என் பிள்ளைக்கு ஒரு முட்டையை நான் அவித்துக் கொடுப்பேன், கேட்க ஆளில்லை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கேஸ் அடுப்பு அந்தத் தெருவில் இரண்டே வீடுகளில்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் மண் அடுப்பு. அதைப் போடுவதில் என் மாமியாரை மிஞ்ச ஆளில்லை என்று தெருவே அவரை வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடும். எனக்குச் சொல்லித் தருவாரா? நானே கம்மாயிலிருந்து கரம்பை மண் சுமந்து வந்தேன். சலித்தேன், ஊற வைத்தேன், காலால் மிதித்தேன். பின்வாசல் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்து அடுப்பைப் போட்டேன். பானை உட்கார மூன்று குமிழும் வைத்து, ஈரக்கையால் தடவித் தடவி வழவழப்பாக்கினேன். என் கையால் நான் எனக்கென்று செய்த முதல் பொருள் அது. மாமியார் மிதியடி பின்னியபடி பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஐந்து நாள் காய்ந்தது. ஆறாம் நாள் தோட்டத்திலிருந்து திரும்பினால் அடுப்பு பொடிப்பொடியாகக் கிடக்கிறது.

"மாடு அவுத்துக்கிட்டு வந்து மிதிச்சிருச்சு" என்றார் மாமியார்.

மாட்டின் கழுத்தில் அவர் திரித்த கயிறு அறாமல் அப்படியே இருந்தது. மண்ணில் உலக்கைப் பூண் பதிந்த வட்டமும் இருந்தது. எங்கள் மாடு உலக்கை பிடிக்கப் பழகியிருந்தது போல. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் எதையும் உடைக்கவில்லை. திரும்பவும் கம்மாய்க்குப் போனேன்.

இரண்டாவது அடுப்பையும் அவர் காயத்தான் விட்டார். ஈரமாக இருக்கும்போதே இடித்திருந்தால் அதே மண்ணைக் குழைத்து அன்றைக்கே மறுபடியும் போட்டிருப்பேன். அது அவருக்குத் தெரியும். நான் தினமும் தடவி, சாணி மெழுகி, நாளைக்கு நெருப்பு வைக்கலாம் என்று நினைத்த அன்றைக்கு, என் கண் முன்னாலேயே உலக்கையோடு வந்தார். அவருக்கிருந்த அந்தப் பொறுமை எனக்கு எந்த நாளும் வந்ததில்லை. நான் கத்தியதில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன அத்தை, அடுப்பைப் போயி இடிக்கிறீக?" என்று ஒருத்தி கேட்டாள்.

மாமியார் மூச்சு வாங்காமல் சொன்னார். "நெருப்புப் படாத அடுப்பு வெறும் மண்ணுதேன். பால் பொங்கின அடுப்பை இடிச்சாத்தேன் குடும்பத்துக்கு ஆகாது. மண்ணை இடிச்சாப் பாவமா?"

வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டு கலைந்தார்கள். அவர் சொன்னது சரிதான், எங்கள் பக்கம் எல்லோரும் நம்புவதுதான். எனக்கு அவரே வழி சொல்லிக் கொடுத்துவிட்டார் என்பது அன்று இரவு அவருக்குத் தோன்றியதோ என்னவோ, எனக்குத் தோன்றியது. காய்வதற்காகக் காத்திருந்தால்தானே இடிப்பார்? காயும் முன்பே பால் பொங்கிவிட்டால்?

மூன்றாவது அடுப்பைப் போட்ட இரண்டாம் நாள், உத்தமபாளையத்தில் ஒரு துக்க வீட்டுக்கு மாமியார் கிளம்பினார். போகிற போக்கில் அடுப்பைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் உள்ளே போனது. சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் நான்கு தேங்காய்ச் சிரட்டையையும் சோளத்தட்டையையும் அடுப்பில் திணித்துப் பற்ற வைத்தேன். பச்சை மண் புகைந்தது, அழுதது, ஓரமெல்லாம் நீர் கசிந்தது. வெண்கலப் பானையில் பாலை ஊற்றி ஏற்றினேன். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பால் சுடவே இல்லை. இன்னும் இரண்டு சிரட்டை போட்டேன். அப்போது 'டப்' என்று ஒரு சத்தம். அடுப்பின் வாயிலிருந்து இடது குமிழ் வரைக்கும் ஒரு கீறல் ஓடியது. நான் பார்க்கப் பார்க்க அது விரிந்தது. பானை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அணைத்தால் அடுப்பு போச்சு, அணைக்காவிட்டாலும் போச்சு. பானையைத் தூக்கவும் மனம் வரவில்லை. கொதிக்க ஆரம்பித்திருந்தது.

"அடி பாவி!"

மாமியார். உத்தமபாளையம் பஸ் வரவில்லையோ, என் மேல் சந்தேகமோ, இன்றுவரை தெரியாது. நான் பானைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தள்ளிவிட்டு உலக்கையை எடுப்பார் என்று நினைத்தேன். தள்ளத்தான் செய்தார். ஆனால் உட்கார்ந்து, மிஞ்சிக் கிடந்த மண்ணில் சாம்பலை அள்ளிப் போட்டுப் பிசைந்து, எரிகிற அடுப்பின் கீறலில் வெறுங்கையால் அப்பினார். விரல் சுட்டது எனக்குத் தெரிந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"பால் ஏறுறப்ப அடுப்பு வாயைப் பொளந்தா எம் மகனுக்குல ஆகாது! கரம்பை மண்ணுல உமி போடாம எவடி அடுப்பு போடுவா? ஒங்காத்தா ஒனக்கு எதைத்தேன் சொல்லிக் குடுத்தா?"

எனக்காகச் செய்யவில்லை. அதில் எனக்கு ஒரு துளியும் சந்தேகம் இல்லை. அப்படிக் குழைந்துபோய் அவரை நல்லவர் என்று எழுதப் போவதும் இல்லை. ஒரு கையால் அடுப்பைத் தாங்கிக்கொண்டே என் பிறந்த வீட்டில் ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தார். பால் பொங்கியது. நாலா பக்கமும் வழிந்து, அவர் கை மீதும் வழிந்தது. அவர் எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தார்.

"சரி. நீ அங்கன பொங்கு. ஆனா ஒண்ணு. எம் மகன் இங்கனதேன் சாப்பிடுவான்."

அதை நான் நினைத்தே பார்க்கவில்லை. வீட்டுக்காரர் அம்மாவிடம் சாப்பிட உட்கார்ந்தால், நான் தனியாகப் பொங்கியது குடும்பம் பிரிந்ததாக ஆகாது. புருஷனைப் பிரிந்தவள் என்று ஆகும். தெரு அப்படித்தான் பேசும்.

சாயங்காலம் இரண்டு அடுப்பும் எரிந்தன. அவர் பக்கம் கருவாட்டுக் குழம்பு. ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் வைக்கிறவர், அன்றைக்கு எண்ணெய் மிதக்க வைத்தார், வாசம் தெருவைத் தூக்கியது. என்னிடம் இருந்தது அரிசி, ரசம், வாழைப்பூ வதக்கல், பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிய ஒரே ஒரு முட்டை. அதை அவிக்கப் போடும்போது மகள் குத்தவைத்து உட்கார்ந்து, தண்ணீருக்குள் அது உருள்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்காம்மா?" என்று கேட்டாள். "ஒனக்குத்தேன் ஆத்தா" என்றேன்.

வீட்டுக்காரர் தோப்பிலிருந்து வந்தார். முற்றத்தில் நின்று அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். மாமியார் தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, வாசல்படியில் நின்றார். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டு வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். மகள்தான் ஓடினாள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, வாங்க, நம்ம அடுப்புல சோறு பொங்கியிருக்கு."

அவர் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிள்ளை இழுத்த இழுப்புக்கு வந்து என் அடுப்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

ஜெயித்துவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியார் படியிலேயே நின்றார், நகரவில்லை. பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. சோற்றைக் குவித்தேன். ரசத்தை ஊற்றினேன். வாழைப்பூவை அள்ளி வைத்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி, அந்த அம்மா வைப்பதற்கு ஒரு படி மேலாக, முட்டையை உரித்து வீட்டுக்காரர் தட்டில் நடுவாக வைத்தேன்.

மகள் முட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்பா சாப்பிடும்போது எதையும் கேட்கக் கூடாது என்று அந்த வீட்டில் அவளுக்குப் பழகியிருந்தது. குனிந்து தன் ரசச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டை நோக்கிக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் மஞ்சள் கருவை உடைத்துச் சோற்றோடு பிசைந்துவிட்டார்.

"நல்லாருக்கு புள்ள" என்றார், வாயில் சோறோடு. "இன்னொண்ணு இருக்கா?"

"இல்ல" என்றேன். மகள் பக்கம் திரும்பாமல் சொன்னேன்.