உட்காரவிடாத கோர்டு

எங்கள் கோவிலில் ஞானப்பாட்டு முடிந்ததும் யாரும் தாமாக உட்காரமாட்டார்கள். ஓர்கனில் பல சுரங்களைச் சேர்த்து அழுத்தும் கடைசி இரண்டு கோர்டுகளும் ஒலித்து ஓய்ந்த பிறகுதான், உட்காரும் வாங்குகள் கிறீச்சிடும்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்த அந்தக் கோவிலில் ஓர்கன் வாசித்தவர் கொழும்புக்கு மாறிப்போனார். மூன்று ஞாயிறு வாசித்துப் பார்க்கும்படி போதகர் என்னைக் கேட்டார். சரிவந்தால் அந்த இடம் எனக்கு. அப்போது மகளுக்கு எட்டு மாதம். வீட்டுக்கு வெளியே எனக்கென்று ஒன்றை விரும்பியது சரிதானா என்று நாளுக்கு நாலுதரம் யோசித்தேன். ஆனாலும் விரும்பினேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த இசைப் புத்தகத்தைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் திறந்து வைத்தேன். பாட்டை முடித்துவைக்கும் கோர்டுகளுக்குக் கேடன்ஸ் என்று பெயர். முழுமையான கேடன்ஸ் விளங்கியது. ஆமெனுக்கு வாசிப்பதும் விளங்கியது. தடைப்பட்ட கேடன்ஸ்தான் பிடிபடவில்லை. ஐந்தாம் சுரத்துக் கோர்டிலிருந்து முதலாவதுக்குத் திரும்பாமல் ஆறாவதுக்குப் போவது என்று பாடமாக்கினேன். ஆனால் எதற்காகப் போகவேண்டும்? மகளுக்குச் சோறு மசிக்கும்போதும் இடது கை மேசையில் அதையே அழுத்திப் பார்த்தது. அவ்வளவு பழகியிருக்கக் கூடாது.

மூன்றாம் ஞாயிறு, கடைசிப் பாட்டின் கடைசி வரி. வெளியே மகளின் அழுகை கேட்டது. என் கணவர் அவளை வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். பால் குடித்தாளா? எறும்பு கடித்ததா? என் இடது கை ஆறாவதில் விழுந்தது.

பாடியவர்களின் சுரம் சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே நான்தான் தரையை உருவிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். சபையே அரைவாசி குனிந்தபடி நின்றது. உட்காரவும் இல்லை, நிமிரவும் இல்லை. புத்தகத்தில் விளங்காதது அந்த முதுகுகளில் விளங்கியது. கடைசி வரியைத் திரும்ப வாசித்து, முதலாவதில் முடித்தேன். எல்லாரும் ஒரேயடியாக உட்கார்ந்தார்கள்.

வாசலில், முன்வாங்கில் உட்காரும் அக்கா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன பிள்ளை, என்ர முழங்காலை அந்தரத்தில தொங்கவிட்டிட்டீர்!"

போதகர் சிரிக்காமல் சொன்னார்: "அடுத்த ஞாயிறும் வாங்கோ, தங்கச்சி. இனி உம்மட இடந்தான். ஆனா சனத்தை ஒரே தரத்தில வாங்கில இருக்கவிட்டாக் காணும்."

ஓம் என்றேன். சந்தோஷப்படக்கூட நிற்காமல் வேப்பமரத்தடிக்கு ஓடினேன்.

"ஏன் அவளை அழவிட்டனீங்கள்?"

"ஆர் அழுதது? பாட்டுத் தொடங்க முதலே நித்திரை."

அவர் தோளில் அவள் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. அடுத்த ஞாயிறு, ஓர்கனிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிகிற யன்னலடியில் அவளுடன் நிற்கும்படி அவரிடம் சொன்னேன்.