ஆசீர்வாதம் கலக்காத பச்சை

ஆசீர்வாதம் எது சொன்னாலும் நம்பக் கூடாது என்பது எங்கள் கம்பெனியில் எழுதாத சட்டம். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதலில் பாத்ரூம் எங்கே என்று காட்டுவோம், அடுத்து இதைச் சொல்லிவிடுவோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்கோடியில் இருந்தது எங்கள் கம்பெனி. தண்ணீர் பில்டரில் கிருமியைக் கொல்லப் பயன்படும் வெள்ளித் தண்ணீர் அங்கே தயாரானது. வெள்ளித் தண்ணீர் என்றால் வெள்ளையாக இருக்காது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் மிதக்கும் அந்தத் தண்ணீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு மாதிரி மஞ்சளாக இருக்கும். கறுப்பு கேனில் ஊற்றி இருட்டு அறையில் வைப்போம். அதைக் கேனில் நிரப்புவதுதான் ஆசீர்வாதத்தின் வேலை.

அவருடைய அப்பா பெரியபாளையம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகன் கவரைப்பேட்டையில் குடியேறி, தினமும் ஒரு பழைய மொபெட்டில் வந்து போனார். பல வருடமாகக் கான்ட்ராக்ட் ஆள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வாயை மட்டும் கட்டிவைக்க முடியாது. ஒருநாள் காலையில் முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு, "ஓனர் பொண்ணுக்கு நிச்சயமாம், கேன்டீன்ல மட்டன் பிரியாணி" என்றார். பாதி ஷிப்ட் கொண்டுவந்த சோற்றை நாய்க்கு வைத்துவிட்டு, மத்தியானம் கேன்டீனில் உப்புமாவைப் பார்த்து விக்கித்து நின்றது. இன்னொரு முறை குடிதண்ணீர் டிரம்மில் ரோஸ்மில்க் எசன்ஸை ஊற்றிவிட்டார். குழாய் துருப்பிடித்துவிட்டது என்று பயந்த மேனேஜர் அரசப்பன், லாரித் தண்ணீர் வரும்வரை பிளான்ட்டையே நிறுத்திவைத்தார். விஷயம் தெரிந்த பிறகு ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு, "இன்னொரு தபா எதுலயாவது கலர் கலந்தே, கேட்டுக்கு வெளியதான் நிப்ப" என்றார்.

2006-ல் காந்தி ஜெயந்தியும் விஜயதசமியும் ஒரே திங்கட்கிழமையில் விழுந்து எங்கள் லீவு ஒன்றை விழுங்கிவிட்டன. கம்பெனியில் சனிக்கிழமையே ஆயுத பூஜை போட்டோம். ஸ்பேனர், மோட்டார், தராசு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. அரசப்பனுக்கு ஆசை அடங்கவில்லை. "நம்மளுக்குச் சோறு போடுறதே இந்தத் தண்ணிதான், இதையும் சாமி முன்னாடி வைங்கப்பா" என்றார். பில்டர் கம்பெனிக்குப் போகவேண்டிய சாம்பிளைக் கண்ணாடி பாட்டில்களில் ஊற்றிச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். சுற்றிலும் ட்யூப் லைட் கட்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் பாட்டில்கள் தங்கம் மாதிரி மின்னின. அரசப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூஜையில் வைத்ததைத் தொடவும் கூடாது, லீவு முடிகிறவரை லைட்டை அணைக்கவும் கூடாது என்று செக்யூரிட்டியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பார்த்தால், பாட்டில்கள் எல்லாம் பச்சை!

யாரும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எல்லோரும் ஆசீர்வாதத்தைப் பார்த்தோம். அவருக்கு அந்த மாதம்தான் பெர்மனன்ட் ஆவதாக இருந்தது. ஆர்டர் டைப் ஆகி அரசப்பனின் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"சார், நான் இல்ல சார். மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் கலக்கல."

"மாதாவையும் இட்டுக்கினு வந்துட்டான் பாரு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அரசப்பன் சிரிக்கவில்லை. "ஊட்டுக்குப் போ. கூப்ட்டா வா" என்றார்.

வீட்டிலாவது ஆறுதல் கிடைக்கும் என்று போனார் மனுஷன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, மனைவி கிரேஸ் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "என்கிட்டயாவது நெஜத்தச் சொல்லுய்யா. இன்னா கலர் போட்ட?" அன்று அவர் சாப்பிடவில்லை. ஊரையே ஏமாற்றியபோது வராத வருத்தம், உண்மையைச் சொல்லும்போது வந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். இதையும் நான் முழுசாக நம்பவில்லை.

லேப் கெமிஸ்ட் சந்திரகலாவும் அவரை நம்பவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தார். மிச்சப் பொரி மூட்டைக்குப் பின்னால் நிழலில் இருந்த இரண்டு பாட்டில் மட்டும் மஞ்சளாகவே இருந்தன. ஆசீர்வாதம் கலர் போட ஆரம்பித்தால் இரண்டை மட்டும் விட்டுவைக்கிற ஆளா? கறுப்பு கேனிலிருந்து புதிதாக எடுத்து இரண்டு பாட்டிலில் ஊற்றினார். ஒன்றை ட்யூப் லைட்டுக்கு அடியில் வைத்தார், மற்றொன்றைக் கறுப்புத் துணியில் சுற்றி வைத்தார். லேபைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தபோது, துணிக்குள் இருந்தது மஞ்சள், லைட்டுக்கு அடியில் இருந்தது பச்சை.

அரசப்பனுக்குப் புரிகிற மாதிரி அவர் விளக்கினார். "வெள்ளித் துகள் உருண்டையா இருக்கிறவரைக்கும் தண்ணி மஞ்சளா இருக்கும் சார். அது மேல சிட்ரேட்னு ஒரு உப்பு ஒட்டிக்கினு இருக்குது. வெளிச்சம் பட்டா அந்த உப்பு சிதைஞ்சு, தன்கிட்ட இருக்கிற எலக்ட்ரானத் துகளுக்குக் குடுத்துடும். உடனே தண்ணில கரைஞ்சிருக்கிற வெள்ளியும் அது மேலயே வந்து படியும். உருண்டை முக்கோணத் தகடா மாறிடும். வடிவம் மாறினா கலரும் மாறும். யாரும் எதுவும் கலக்க வேணாம். லைட்டு மட்டும் எரிஞ்சா போதும்."

"லைட்ட அணைக்க வேணாம்னு சொன்னது..."

"நீங்கதான் சார்."

அரசப்பன் கொஞ்ச நேரம் சரஸ்வதி படத்தைப் பார்த்தார். பிறகு ஆர்டரை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் ஆசீர்வாதத்தைக் கூப்பிட்டு எங்கள் எல்லோர் முன்னாலும் ஆர்டரைக் கொடுத்தார். "இவன் மேல தப்பில்ல. வெளிச்சம் பட்டுத் தானா மாறியிருக்குது" என்றார். கூட்டத்திலிருந்து விசில் பறந்தது. "மேடத்தையே நம்ப வெச்சிட்டியே தலைவா!" என்று ஒருவர் அவரைத் தூக்கியே விட்டார். "ஊட்ல குந்திக்கினே லேப்ல இருந்த பாட்டில மாத்திட்டான்பா" என்று இன்னொருவர் கையெடுத்துக் கும்பிட்டார். இல்லை இல்லை என்று அவர் கத்தக் கத்த, கைதட்டல் கூடியது.

அவர் மொபெட்டை விரட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் ஆர்டரைக் கிரேஸிடம் நீட்டினார். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கம்பெனி முத்திரையைத் தடவிப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"எந்தக் கடைல டைப் அடிச்ச?"

"அடியே, நெஜம்டி! நம்பலன்னா சாருக்கே போன் போட்டுக் கேளு."

அவரே நம்பரைப் போட்டுச் செல்போனை அவள் காதில் வைத்தார். கிரேஸ் பயந்துகொண்டே விசாரித்தாள். அந்தப் பக்கம் அரசப்பன், "ஆமாம்மா, நாந்தான் கையெழுத்துப் போட்டேன். உன் ஊட்டுக்காரு இனிமே பெர்மனன்ட்டு" என்று பொறுமையாகச் சொன்னார். கிரேஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு புருஷனை முறைத்தாள்.

"யாருய்யா இது, மேனேஜர் மாதிரியே பேசுறது? உன் கூட்டாளியா?"