பதியாமல் விட்ட இரண்டு நாட்கள்

விசா வேண்டாம் என்று மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் இலங்கைப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஐரோப்பாவுக்குள் யாரும் சும்மா நுழைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவள் வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். அங்கே வசிப்பதற்கான அட்டை அவளிடம் இருக்கிறது. அந்த அட்டை உள்ளவர்கள் ஐரோப்பாவின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்ன நாட்டுக்குச் சுற்றுலாவாக விசா இல்லாமல் போகலாமாம்.

“பாஸ்போர்ட்டுக்கு இல்லப்பா, அட்டைக்கு” என்றாள்.

“அப்ப பாஸ்போர்ட் எதுக்கு?”

“அதுவும் வேணும்.”

இதிலேயே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டவளையிலிருந்து பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். போட்டோ கொப்பி எடுக்கும் கடையில், நான் தங்கச்சி என்று கூப்பிடும் பெண்ணிடம் அந்த நாட்டின் பெயரைச் சொல்லி, விதிகளைத் தேடி எடுத்துத் தரச் சொன்னேன். அவள் திரையைப் பார்த்தபடியே சிரித்தாள்.

“விசா தேவையில்லைன்னு ஒரு வரிதாண்ணே இருக்கு. அதுக்குக் கீழ ரெண்டு பக்கத்துக்கு என்னென்ன தேவைன்னு போட்டிருக்காங்க.”

அந்த இரண்டு பக்கங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பென்சிலோடு உட்கார்ந்தேன். திரும்பிப் போகும் டிக்கட், தங்கும் இடத்தின் விலாசம், செல்லுபடியாகும் அட்டை. இவை புரிந்தன. புரியாதது ஒரு வரிதான். எந்த அறுபது நாளை எடுத்தாலும் அதற்குள் முப்பது நாளுக்கு மேல் அங்கே இருக்கக் கூடாது. எந்த அறுபது நாள்? எங்கிருந்து எண்ணுவது? முதலாம் தேதியிலிருந்தா, அவள் போன நாளிலிருந்தா? நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் இருபத்தாறு வருடமாகச் செக்ரோல் எழுதுகிறவன். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார்கள் என்று அந்தப் பேரேட்டில் பதிவது என் வேலை. அதில் மாதம் முடிந்தால் கோடு போட்டு மூடிவிடுவோம். அடுத்த மாதம் புதுப் பக்கம். அந்த அறுபது நாளுக்கோ மூடும் நாளே இல்லை. ஒவ்வொரு காலையும் அது ஒரு நாள் நகர்ந்து நிற்கிறது.

மகளுக்கு இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. அவளோடு ஹட்டனில் படித்த சிநேகிதி அந்த நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவளுடைய கணவர் கப்பலில். அவள் பிள்ளைத்தாய்ச்சி. முதலில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, பிரசவ நேரத்தில் நீண்ட லீவில் மறுபடி போய் அவளோடு இருப்பதாக இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு பயணமும் ஒரே அறுபது நாளுக்குள் விழுந்தன.

“நீங்க எண்ணித் தாங்கப்பா. நாள் எண்ணுறதுதானே உங்க வேல. அதப் பாத்து டிக்கட் போடுறேன்” என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெரிய தாளில் கட்டம் போட்டேன், செக்ரோல் மாதிரியே. முதல் பயணத்துக்கு ஒன்பது கட்டம், இரண்டாவதுக்கு இருபத்தொன்று. மொத்தம் முப்பது. போன் வழியாக அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள்.

“ரெண்டு தடவையும் பிளேன் ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் போய்ச் சேருது. அந்த நாள சேர்க்கணுமாப்பா?”

“அது எப்படி நாளாகும்? இறங்கிப் படுக்கத்தானே போற” என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. எங்கள் தோட்டத்தில் நாள் என்றால் காலையில் பெரட்டுக்கு வந்து நின்று, பேர் சொல்லி, வேலைக்குப் பிரிந்து போவது. மத்தியானத்தோடு போனால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். பெரட்டு முடிந்த பிறகு வந்தால் அன்றைக்குப் பேரே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வருகிறவளுக்கு எந்தப் பேர் போடுவது?

கடைத் தங்கச்சி எடுத்துத் தந்த இரண்டாவது பக்கத்தில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும் என்று ஒரு வரி இருந்தது. அதை நான் படிக்காமல் விடவில்லை. அதன் கீழே பென்சிலால் கோடும் போட்டிருக்கிறேன். அந்தக் கோடு இப்போதும் இருக்கிறது. பகலில் வந்து சேருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பிரசவம் நல்லபடியாக முடிந்தது. ஆண் குழந்தை. மகள் திரும்பும் நாள் வந்தது. அங்கே காலை, இங்கே பிற்பகல். அன்றைக்கு எனக்கு அரை நாள் லீவு. பிள்ளைக்காம்பராவில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் என் மனைவியும் அன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்கு வந்திருந்தாள். போன் அடித்தது.

“அப்பா, இங்க பாஸ்போர்ட் பாக்குற அம்மா முப்பத்திரண்டுன்னு சொல்றாங்க. நீங்க முப்பதுன்னுதானே சொன்னீங்க?”

“சரியா எண்ணிப் பாக்கச் சொல்லுமா.”

“அவங்க எண்ணலப்பா. மெசின் எண்ணுது.” பின்னால் யாரோ ஏதோ சொல்வது கேட்டது. “என்னைய ஒரு ரூமுக்கு வரச் சொல்றாங்க. போன வைக்கணுமாம்.”

நான் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். ஒன்பது, இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். முப்பது. மனைவி என் தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

“ஏங்க, ராத்திரி பதினோரு மணிக்குப் புள்ள எங்க நின்னுச்சு?”

“ஏர்போட்ல.”

“எந்த நாட்டு ஏர்போட்ல?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தாள் என் கண்ணெதிரே அப்படியே இருந்தது, ஆனால் முதல் கட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு வெற்றிடம் தெரிந்தது. இரண்டு இடத்தில்.

அவள் சனிக்கிழமை வேலைக்குத் திரும்பவேண்டும். திரும்பாவிட்டால் ஹோட்டலில் இடம் போய்விடும். இடம் போனால் அந்த அட்டை போய்விடும். அவளை வளைகுடாவுக்கு விடாமல் நேரே கொழும்புக்கு அனுப்பிவிட்டால்? பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்தி, இனி எந்த நாட்டிலும் நம்ப மாட்டோம் என்றுவிட்டால்? எங்கள் ஆட்களுக்குப் பதிவு என்றாலே உள்ளுக்குள் ஒரு நடுக்கம் உண்டு. எந்தக் குடியுரிமைப் பட்டியலில் பேர் இருந்தது, எதில் இல்லை என்பதை வைத்துத்தான் அந்தக் காலத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் இந்தியா, இலங்கை என்று இரண்டு நாட்டுக்குப் பிரிந்தன. அதையெல்லாம் தாண்டி வந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது என் கையாலேயே.

ஏறக்குறைய மூன்று மணி நேரம் போன் வரவில்லை. மனைவி சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திட்டினாள், பிறகு தேத்தண்ணி கொண்டுவந்தாள், பிறகு மறுபடி திட்டினாள்.

“ஊருக்கெல்லாம் நாள் எழுதுற மனுசன். சொந்தப் புள்ளைக்கு எழுதத் தெரியல.”

ஏனோ அந்த நேரத்தில் கொழுந்து எடுக்கும் ஒரு பெண்ணின் நினைவு வந்தது. ஒரு மழைக் காலத்தில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெரட்டு முடிந்து கொஞ்ச நேரத்தில் கூடையோடு ஓடிவந்தாள். நேரம் போய்விட்டது, பேர் இல்லை என்றேன். “இங்கதானேங்கையா நிக்கிறேன்” என்றாள். அது விதியில்லை என்று சொல்லிப் பேரேட்டை மூடினேன். அன்றைக்கு அது எனக்குச் சரியாகத்தான் பட்டது. விதிப்படி சரிதான். எந்த விதி சரி, எது பிழை என்று அந்த மேசையில் உட்கார்ந்து எவ்வளவோ யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மலையில் பனி இறங்கிய பிறகு போன் வந்தது. அவள் பிளேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

“விட்டுட்டாங்கப்பா. ஒரு தாள் குடுத்துக் கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. அவங்க பாஷையில இருக்கு.”

“என்ன போட்டிருக்கு?”

“தெரியல. போன்ல மொழிபெயர்த்துப் பாத்தேன். ஒரு தடவ எச்சரிக்கைன்னு வருது. இன்னொரு தடவ தடைன்னு வருது.”

“அப்ப எதுக்குக் கையெழுத்துப் போட்ட?”

“பிளேன் போயிடுமேப்பா.”

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனாள். அந்தத் தாளைப் படமெடுத்துச் சிநேகிதிக்கு அனுப்பியதில், அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே படித்துப் பார்த்துச் சொன்னாளாம். எச்சரிக்கைதான், தடை இல்லை. ஆனால் பதிவாகியிருக்கிறது. அடுத்த தடவை வந்தால் கேட்பார்கள். என்ன கேட்பார்கள், எவ்வளவு காலத்துக்குக் கேட்பார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை.

“உங்களத் திட்டணும்னுதான் இருந்தேன்” என்று மகள் பிறகு சொன்னாள். “அந்த ரூம்ல அந்த அம்மா நான் போன்ல காட்டின உங்க தாளப் பாத்துச்சு. இவ்வளவு அழகா யாரு கோடு போட்டதுன்னு கேட்டுச்சு. அப்பான்னு சொன்னதும் எனக்கு அழுகை வந்துருச்சு.”

போனை மனைவியிடம் கொடுத்தேன்.

சிநேகிதியின் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்போது மறுபடி போக வேண்டும் என்று அவளுக்கு ஆசை. போன வாரம் கேட்டாள், பழைய முப்பத்திரண்டு நாளும் எப்போது அந்த அறுபதுக்குள்ளிருந்து வெளியே போகும் என்று. “இந்தத் தடவ நானே எண்ணிட்டேன். நீங்க சரி மட்டும் பாருங்க” என்றாள்.

புதுத் தாள் எடுத்துக் கட்டம் போட்டேன். வந்த இரவுகளுக்கும் முழுப் பேர் போட்டேன். எண்ணினேன், ஒரு தேதி வந்தது. மறுபடி எண்ணினேன், அதற்கு அடுத்த நாள் வந்தது. மூன்றாவது தடவை எண்ணக் கை வரவில்லை. இரண்டு தேதியும் அவள் போக நினைக்கும் நாளுக்குப் பல மாதம் முந்தியவைதான். ஒரு நாள் கூடினாலும் குறைந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் அவளிடம் அந்த இரண்டு தேதியையும் நான் சொல்லவில்லை.

“நீ எண்ணினதே இருக்கட்டும்” என்றேன். “ஆனா போறதுக்கு முன்னாடி அந்த நாட்டு ஆளுங்கக்கிட்ட அவங்க மெசின் எண்ணுறதையும் கேட்டுக்க.”